போகிக்கு முன் பரணில் ஏறுங்கள், தோழர்களே!

மார்கழி பாதி கழிந்துவிட்டது. போகிக்கு இன்னும் இரண்டே வாரம். கடம்பத்தூர், ஏகாட்டூர், மணவூர், திருப்பாச்சூர், பேரம்பாக்கம் என்று வீட்டுக்கு வீடு பரண் காலியாகப் போகிற நாட்கள் இவை. கிழிந்த பாய், உடைந்த முறம், கால் போன நாற்காலி எல்லாம் இறங்கும். அவற்றோடு ஒரு மரப்பெட்டியும் இறங்கும். முன்பக்கம் துணி இழுத்துக் கட்டியிருக்கும். கண்ணாடிப் பட்டையில் கொழும்பு, டெல்லி, லண்டன் என்று ஊர்ப்பெயர்கள் மங்கியிருக்கும். திருகும் குமிழ் இரண்டில் ஒன்று காணாமல் போயிருக்கும். "இது இன்னும் எதுக்கு?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். வாசலில் பழைய இரும்புக்காரர் தராசோடு நிற்பார். அந்தக் கேள்விக்கும் அந்தத் தராசுக்கும் நடுவில் போய் நிற்கத்தான் உங்களைக் கூப்பிடுகிறேன்.

நானே அந்தத் தப்பைச் செய்தவன்தான். அப்பா ரயில்வேயில் கேங்மேன். அவர் வாங்கிய மர்ஃபி பெட்டி எங்கள் தெருவுக்கே பொது. மாநிலச் செய்தி நேரத்தில் திண்ணையில் இடம் கிடைக்காது. தொண்ணூறுகளில் ஒரு போகிக்கு, வீட்டில் டிவி வந்துவிட்ட தைரியத்தில், அதைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் குடத்துக்குக் கொடுத்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வண்டி தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். குடம் இரண்டு வருஷத்தில் விரிசல் விட்டது. அப்பா போன பிறகு அவருடைய டிரங்க் பெட்டியைத் திறந்தேன். வேட்டிகளுக்கு அடியில் ரேடியோ லைசென்ஸ் புத்தகம்! தபால் ஆபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டி முத்திரை வாங்கிய பக்கங்கள். வானொலி கேட்பதற்கு லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது என்றால் என் பேத்தி சிரிக்கிறாள். எண்பதுகளின் நடுப்பகுதி வரை அதுதான் சட்டம். பெட்டி போய்விட்டது, புத்தகம் மட்டும் நம் அறையில் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் கூசுகிறது. கூசட்டும் என்றுதான் அங்கே வைத்தேன்.

நம் அறை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு அறை. ரேடியோ மெக்கானிக் கடையாக இருந்தது. மெக்கானிக் அண்ணன் கண்ணை மூடியபோது சோல்டரிங் அயர்ன், சீரிஸ் பல்பு, டப்பா டப்பாவாக வால்வு, வாங்க வராதவர்களின் பெட்டிகள் எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன. "குப்பையில போட மனசு வரல தம்பி, நீங்களே பாத்துக்கோங்க" என்று அண்ணி சாவியைக் கொடுத்தார். அப்படிப் பிறந்தது நம் வானொலிக் கூடம். அரசாணையும் கிடையாது, திறப்பு விழாவும் கிடையாது. ஒவ்வொரு பெட்டியின் காதிலும் இன்னும் அண்ணனின் கையெழுத்தில் ஒரு சீட்டு தொங்குகிறது: "கரகரப்பு", "டயல் நூல் அறுந்தது", "தட்டினால்தான் பாடும்". எந்த அருங்காட்சியகத்திலும் இதைவிட நல்ல விளக்கக் குறிப்பு எழுதிவிட முடியாது.

அந்த இடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள். பங்குனிக்குள் காலி செய்ய வேண்டும். வீட்டுக்காரர் மேல் குறையில்லை, இத்தனை நாள் பாதி வாடகைக்கு விட்டுவைத்ததே பெரிது. நமக்குத் தேவை வேறோர் அறை, அதற்கு முன்பணம், ஒழுகாத கூரை, கரையான் ஏறாத இரும்பு அலமாரி, முறையான எர்த்தோடு ஒரு மின் இணைப்பு. கோட்டை கேட்கவில்லை.

பணம் இல்லாமல் வானொலி செத்த கதை நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டு வானொலியின் முதல் அத்தியாயமே அதுதான். 1924 மே 16 அன்று சென்னையில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கியது. தொடங்கியவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி. ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் பிறக்க அப்போது இன்னும் பன்னிரண்டு வருஷம் இருந்தது. அரசு தூங்கிக்கொண்டிருந்தபோது ஆர்வலர்கள் சிலர் கூடிச் சந்தா போட்டு நடத்திய சங்கம் அது. ஜூலை 31 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. கருவியின் சக்தி முதலில் 40 வாட். நம் வீட்டுக் குளியலறையில் எரிந்த குண்டு பல்பின் சக்தி, தோழர்களே! பிறகு 200 வாட்டுக்கு ஏற்றினார்கள். மாலையில் பாட்டும் பேச்சும் காற்றில் போயின. பெட்டி வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கேட்டவர்கள் வியந்தார்கள், வியந்தவர்கள் எல்லோரும் சந்தா கட்டவில்லை. 1927 அக்டோபரில் கிளப் மூடப்பட்டது. காரணம் பணத் தட்டுப்பாடு, வேறொன்றும் இல்லை.

இதுவரைக்கும் கதையை எல்லோரும் சொல்வார்கள். இதற்கு மேல்தான் நமக்கு விஷயம் இருக்கிறது. கிளப்காரர்கள் கடையைச் சாத்தினார்கள், ஆனால் கருவியை எடைக்குப் போடவில்லை. ஒலிபரப்பியைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். தெருவிளக்கும் சாக்கடையும் பார்க்கிற மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் வானொலியும் நடத்தியது. மாலையில் சங்கீதம், பள்ளிப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி. பெட்டி வாங்க வக்கில்லாதவர்கள் கேட்க மெரினாவில் ஒலிபெருக்கி வைத்தார்கள். காற்று வாங்கப் போன மெட்ராஸ்வாசி மணலில் உட்கார்ந்து காசில்லாமல் கச்சேரி கேட்டான். 1938 ஜூன் 16 அன்று ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் எழும்பூரில் தொடங்கும் வரை, எட்டு வருஷம், ஒரு உள்ளாட்சி அமைப்பு இந்த ஊருக்கு வானொலி நடத்தியது. நம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் போய் இதைச் சொன்னேன். நாற்காலியில் இருந்தவர் நம்பவில்லை. நம்ப வைப்பது உங்கள் வேலை.

அதே காலத்தில் பெரிய பணத்தோடு இறங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் பார்த்துவிடலாம். இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி 1927 ஜூலையில் பம்பாயிலும் ஆகஸ்டில் கல்கத்தாவிலும் நிலையம் திறந்தது. வருஷத்துக்குப் பத்து ரூபாய் லைசென்ஸ் கட்டணத்தில் தனக்கு வரும் பங்கை நம்பி நடந்த கம்பெனி. மூன்று வருஷம் தாங்கவில்லை, 1930 மார்ச் 1 அன்று கலைக்கப்பட்டது. அரசு எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. முதலாளிகளின் கம்பெனியும் விழுந்தது, ஆர்வலர்களின் சங்கமும் விழுந்தது. சங்கம் விட்டுப்போன கருவி மட்டும் ஊர்க்காரர்கள் கையில் பிழைத்தது. நாம் யார் பக்கம் நிற்க வேண்டும் என்று ஆலை வாயில் கூட்டத்தில் நின்று பழகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"பழைய பெட்டியை வைத்து என்ன செய்யப் போகிறோம்" என்று கேட்கும் இளம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அதிகத்தூர் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்கே 1998இல் மிட்சுபிஷி லேன்சர் காரைக் கோர்க்கத் தொடங்கியது. அந்தக் காரும் போயிற்று, அந்தப் பெயரும் போயிற்று. இன்று அதே இடத்தில் சிட்ரோயன். முதல் ஷிப்டுக்குப் போனவர்களின் அடையாள அட்டை, கேன்டீன் டோக்கன், பழைய வாயிற்பலகை, ஏதாவது ஒன்றை எடுத்து வைத்தோமா? கக்களூர் தொழிற்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் மூடிய கதவுகளுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கேட்டால் காட்ட ஒரு திருகாணி உண்டா? வேலை செய்தவர்களின் சாமான்களை வேலை செய்தவர்கள்தான் காக்க வேண்டும். வேறு யாருக்கும் அதில் அக்கறை இருந்ததில்லை.

வானொலி இந்தப் பகுதித் தொழிலாளியின் சாமான். நைட் ஷிப்டில் மேற்பார்வையாளர் கண்ணில் படாமல் டூல் பாக்ஸுக்குள் பாடிய டிரான்சிஸ்டரை யார் மறந்தார்கள்? இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவின் வேகத்துக்கும் பி.எச். அப்துல் ஹமீதின் நிதானத்துக்கும் பந்தயம் கட்டியவர்கள் இங்கே உண்டு. டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசித்தால் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்ட வீடுகள் உண்டு. காலையில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் 'இன்று ஒரு தகவல்' சொல்லி முடிக்காமல் சைக்கிளை எடுக்காதவர்கள் உண்டு. தஞ்சைப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற நெல்லுக்கு விவசாயிகள் வைத்த பெயரே ரேடியோ நெல். திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டு விதைத்ததால் அந்தப் பெயர். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுடப்பட்ட செய்தியை பிபிசி உலகத்துக்கே சொல்லிவிட்டது. நம் அரசு வானொலி அவர் மறைவை மாலையில்தான் அறிவித்தது. அன்று பகல் முழுக்க சிற்றலையைத் திருகிக்கொண்டிருந்த கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு இப்போது எழுபது வயது, எண்பது வயது. பெட்டியைப் போலவே அந்தக் கைகளும் அவசரம்.

2015 டிசம்பரில் பூண்டி ஏரி திறந்து கொசஸ்தலை கரைபுரண்டபோது செல்போன் என்ன ஆயிற்று என்று யோசித்துப் பாருங்கள். சார்ஜ் தீர்ந்தது, கோபுரம் ஓய்ந்தது, கையில் கண்ணாடித் துண்டு மாதிரி அது கிடந்தது. இரண்டு பேட்டரி போட்ட சின்ன ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. உரிமம் பெற்ற ஹாம் வானொலிக்காரர்கள் தங்கள் கருவிகளோடு வந்து தகவல் கடத்தினார்கள். ஆகையால் இது ஏக்கக்காரர்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால், அந்த வாரம் அவர் எந்த மாடியில் நின்றார் என்று கேளுங்கள்.

வெளியே என்ன நடக்கிறது? உத்தரப்பிரதேசத்தில் அம்ரோஹா மாவட்டத்துக் கஜ்ரௌலாவில் ராம் சிங் பௌத் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வானொலிப் பெட்டிகளைச் சேர்த்து அருங்காட்சியகமாக்கி கின்னஸ் வரை போய்விட்டார். கஜ்ரௌலாவும் நம்மைப் போல ஆலைகள் சூழ்ந்த ஊர்தான். லண்டனில் டல்விச் பகுதியில் ஜெரால்டு வெல்ஸ் என்ற மனிதர் தான் பிறந்த வீட்டையே வானொலி அருங்காட்சியகமாக மாற்றினார். சிறுவயதில் ரேடியோ சாமான் திருடிச் சீர்திருத்தப் பள்ளிக்குப் போன ஆள் அவர்! 2014இல் அவர் இறந்த பிறகும் தொண்டர்கள் அதை நடத்துகிறார்கள். (திருட்டை நான் சிபாரிசு செய்யவில்லை. பரணில் உங்கள் சொந்தப் பெட்டியைத் தேடினால் போதும்.) நம் ஊர்ப்பக்கமே பாருங்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற விளம்பரப் பலகை ஓவியர் பழைய புத்தகமும் பத்திரிகையும் அழைப்பிதழும் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பிறகு 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி நூலகமாக நிற்க வைத்தது. இன்று தமிழாராய்ச்சிக்காரர் எவரும் அந்தப் படியை மிதிக்காமல் இருப்பதில்லை. ஆனால் ஒன்று, நமக்குச் சிகாகோ வராது. நமக்கு நாம்தான்.

சரி, பணம். இங்கேதான் நமக்குள் சண்டை. பெரிய கம்பெனி ஒன்றைப் பிடித்தால் ஒரே காசோலையில் முடிந்துவிடும் என்கிறார்கள் சில தோழர்கள். நம்மைச் சுற்றித்தான் எத்தனை கம்பெனி! 2013ஆம் வருஷக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. பாரம்பரியமும் பண்பாடும் அந்தப் பட்டியலில் இருப்பதும் உண்மை. ஆனால் அந்தப் பணம் வாங்க நாம் பதிவுபெற்ற அமைப்பாக இருக்க வேண்டும், வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும், மூன்று வருஷம் வேலை செய்த கணக்கு வேண்டும். இன்று நம்மிடம் இருப்பது ஒரு சாவிக்கொத்து. மூன்று வருஷக் கணக்கு காட்ட வேண்டுமென்றால் முதல் வருஷத்தை இப்போதே தொடங்க வேண்டாமா? 1975ஆம் வருஷத் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்தின்படி சங்கம் தொடங்க ஏழு பேர் போதும். ஏழு பேர்! ஒரு டீக்கடை பெஞ்சில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கம்பெனிப் பணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் ரூபாய் அதுவாக இருக்கக் கூடாது என்கிறேன். முதல் ரூபாய் யாருடையதோ அவர்கள் பெயர்தான் பலகையில் ஏறும், அவர்கள் சலித்துக்கொண்ட நாளில் பூட்டும் விழும். நமக்குத் தெரிந்த வழி உண்டியல். வேலைநிறுத்த நிதிக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் கடைக்குக் கடை ஏந்தியவர்கள்தானே நாம்? அரக்கோணம் போகிற யூனிட் வண்டிகளில் வருஷக்கணக்காக ஒரே பெட்டியில் ஏறிச் சீட்டு விளையாடுகிற கோஷ்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு கோஷ்டியிலும் ஒருவர் ரசீதுப் புத்தகம் எடுத்துக்கொள்ளட்டும். ரயிலுக்குள் வசூல் வேண்டாம், அதற்குச் சட்டம் இடம் தராது. அறிமுகமானவர்களிடம் ஆலை வாசலில், வீட்டு வாசலில் கேளுங்கள். பத்து ரூபாய்க்கும் ரசீது, ஆயிரத்துக்கும் ரசீது. ரொக்கமாக இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்தால் 80ஜி வரிச் சலுகை வராது என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் பதிவு கிடைத்ததும் யாரும் நம்மைக் குறை சொல்லக் கூடாது. துபாயில் இருக்கும் நம் பிள்ளைகள் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருந்தால் வங்கி வழியாக அனுப்பலாம். வேற்று நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட சொந்தங்கள் அன்போடு அனுப்பினாலும் வாங்க முடியாது, வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே நிற்கும். அவர்களிடம் பணம் கேட்காதீர்கள். அவர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் கொழும்பு வானொலி ஒலிநாடாவைக் கேளுங்கள்.

இன்னொரு வழி நம் ரத்தத்தில் இருக்கிறது: மொய். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து வைத்துத் தொழிலையே தூக்கி நிறுத்துகிறார்கள். நம் பக்கம் விருந்து வழக்கமில்லை என்றாலும், மொய் நோட்டில் பெயர் ஏறினால் தலைமுறைக்கும் மறக்காத ஊர் இதுவும். அறையின் வாசலில் ஒரு மொய் நோட்டு வைப்போம். கொடுத்தவர் பெயர், ஊர், தொகை, கூடவே நான்காவதாக ஒரு கட்டம்: "உங்கள் வீட்டில் இருந்த பெட்டி எது?" மர்ஃபி, புஷ், பிலிப்ஸ், நெல்கோ என்று அந்தக் கட்டம் நிரம்ப நிரம்ப இந்தப் பகுதியின் வானொலி வரலாறு தானாக எழுதப்பட்டுவிடும். எந்த ஆய்வாளரும் நமக்கு எழுதித் தர மாட்டார். மாதம் ஒருமுறை வரவும் செலவும் வாசலில் ஒட்டப்படும். ஒட்டாத மாதம் பொருளாளரை மாற்றிவிடுங்கள், அது நானாக இருந்தாலும்.

நிகழ்ச்சிகளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. மேடை, பொன்னாடை, முன்னிலை வகிப்பவர், வாழ்த்துரை வழங்குபவர், இந்தச் சனியன் எதுவும் வேண்டாம். பொன்னாடைக்குக் கொடுக்கும் காசில் ஒரு நல்ல கண்டன்சர் வாங்கலாம். வானொலி காதால் வாழ்ந்த சாமான். வருகிறவர்கள் கேட்டுவிட்டுப் போக வேண்டும், கைதட்டிவிட்டுப் போகக் கூடாது.

பிப்ரவரி 13 உலக வானொலி தினம். ஐ.நா. வானொலி 1946இல் தொடங்கிய நாள் அது. யுனெஸ்கோ 2011இல் அதை அறிவித்தது. அன்று நம் முதல் நிகழ்ச்சி: ரேடியோ பழுது பார்க்கும் முகாம். கண் சிகிச்சை முகாம் மாதிரியேதான். பெட்டியோடு வருகிறவர் டோக்கன் வாங்கி பெஞ்சில் உட்கார வேண்டும். திருவள்ளூர், பூந்தமல்லி, அரக்கோணம் பக்கத்தில் ஓய்ந்திருக்கும் மெக்கானிக் அண்ணன்கள் ஒவ்வொருவரும் ஒரு மேசை எடுத்துக்கொள்வார்கள். பக்கத்தில் ஐ.டி.ஐ. மாணவர் ஒருவர் கையாளாக இருப்பார். வைத்தியத்துக்குக் கட்டணமில்லை, உண்டியல் உண்டு. பாடிவிட்டால் போட்டுவிட்டுப் போவார்கள், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. பல வருஷம் செத்துக் கிடந்த பெட்டி முதலில் ஒரு ஹம் விட்டு, பிறகு கரகரத்து, பிறகு மனிதக் குரலாக மாறும் அந்த நிமிஷத்தில் பர்ஸைத் திறக்காத தமிழன் இன்னும் பிறக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. முகாம் வரும் வரை ஆசையில் யாரும் பழைய பெட்டியை நேராகப் பிளக்கில் சொருகிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர் காய்ந்து போயிருக்கும். வீட்டு மின்சாரம் முழுசாகப் பாய்ந்தால் வெடிக்கும், டிரான்ஸ்பார்மரும் கருகும். சீரிஸ் பல்பு போட்டு, அந்த பல்பு எப்படி எரிகிறது என்று பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம். வால்வைப் பிடுங்கித் துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள், மேலே அச்சிட்ட எண் அழிந்துவிடும். அந்த எண் போனால் மாற்று வால்வு தேட முடியாது. பின்பக்க அட்டையை மட்டும் எக்காரணம் கொண்டும் எறியாதீர்கள். விற்ற கடையின் சீட்டு அதில்தான் ஒட்டியிருக்கும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு நாள். அட்டைக் குழாயில் செப்புக் கம்பி சுற்றிய காயில், ஒரு ஜெர்மானியம் டயோடு, ஒரு கிரிஸ்டல் இயர்போன், நீளமாக ஒரு ஏரியல், ஈர மண்ணில் இறங்கிய எர்த் கம்பி. பேட்டரியும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. ஆவடியில் வானொலியின் ஒலிபரப்புக் கோபுரங்கள் இருக்கின்றன. அங்கிருந்து வரும் அலையின் சக்தியையே உண்டு அந்தக் கருவி பேசும். காசு கேட்காமல், சார்ஜ் கேட்காமல் பேசும் கருவியை ஒரு பிள்ளை காதில் வைத்துக் கேட்டால் அதன் முகம் எப்படி மாறும் என்று நான் பார்த்திருக்கிறேன். ஹாம் உரிமம் உள்ளவர்கள் வந்து பேசிக் காட்டட்டும். உரிமம் இல்லாமல் ஒலிபரப்பியை யாரும் தொடக் கூடாது. ஆர்வக் கோளாறில் ஒரு தோழர் சிக்கினால் கூடமே மூடப்படும்.

மாதம் ஒரு மாலை, பஞ்சாயத்து ரேடியோ மாலை. நினைவிருக்கிறதா? திடலில் சின்ன அறை, மேலே குழாய் ஸ்பீக்கர், செய்தி நேரத்துக்குத் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்த கூட்டம். அதையே திரும்பச் செய்வோம். ஒரே பெட்டி, ஒரே குழாய், அரை மணி நேரம் செய்தியும் பேச்சும். முடிந்ததும் முதியவர் ஒருவர் தன் வானொலி நினைவைச் சொல்லட்டும், பத்தாம் வகுப்புப் பிள்ளை போனில் பதிவு செய்யட்டும். மகளிர் குழுவினர் சுண்டலும் கேழ்வரகு அடையும் போட்டு விற்கட்டும், லாபத்தில் பாதி அவர்களுக்கு. முழுவதையும் நன்கொடையாகக் கேட்பது அவர்கள் உழைப்பைத் திருடுவது. முன்பு ஒருமுறை நாம் அப்படிக் கேட்டோம். அவர்கள் மறுத்தது சரி.

புது அறை கிடைத்தால் ஜூன் 16 அன்று கதவைத் திறப்போம். சென்னை நிலையம் தொடங்கிய நாள். ரிப்பன் வெட்ட யாரையும் கூப்பிடப் போவதில்லை. ஊரில் மூத்த கேட்பாளர் யாரோ அவர் வந்து குமிழைத் திருகுவார்.

அதெல்லாம் ஜூனில். இப்போது நம் முன்னால் இருப்பது போகி. இந்த முறை பழைய இரும்புக்காரர்களையே பார்த்துப் பேசினேன். ஒருவர் சொன்னார்: "அண்ணே, ஸ்பீக்கர்ல இருக்கிற காந்தத்துக்கும் செம்புக்கும்தான் காசு. மரப்பெட்டிய அடுப்புக்குக் கொடுத்துடுவோம்." அவர் மேல் கோபமில்லை, அவர் தொழில் அது. பெட்டி கிடைத்தால் உடைக்காமல் வைத்திருங்கள், எடைக்கு மேல் போட்டுத் தருகிறோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்த மேல்காசுக்குத்தான் முதல் உண்டியல். சொன்ன வாக்கைக் காப்பாற்ற முடியாவிட்டால் அடுத்த வருஷம் அவர் நம்மை மதிக்க மாட்டார்.

வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அறையில் கூடுகிறோம். தெருவுக்கு இரண்டு பேர், கையில் ரசீதுப் புத்தகம், ஒரு பழைய போர்வை. பெட்டியை வெறுங்கையால் தூக்கினால் கண்ணாடி போய்விடும். பரண் ஏற முடியாத வீடுகளில் ஏறி இறக்கிக் கொடுக்க இளைஞர்கள் நான்கு பேராவது வேண்டும். கும்மிடிப்பூண்டித் தோழர்கள் அவ்வளவு தூரம் வர வேண்டாம், அங்கேயே ஒரு வீட்டில் சேர்த்து வையுங்கள், வண்டி எடுத்துக்கொண்டு நாங்கள் வருகிறோம்.

ஏணி இருப்பவர்கள் ஏணியோடு வாருங்கள். எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதிலும் மூன்றாவது படி உடைந்திருக்கிறது.